மூக்கு ராஜா புத்தகம்

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ "ம்" கொட்டியே தப்பித்துவிடுவாய். தாளில் "ம்" கொட்ட முடியாது.

நேற்று எங்கள் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் ஒரு வாரப் பத்திரிகை கிடந்தது. எடுத்துப் புரட்டினால் நடுப்பக்கத்தில் நீ! கன்னத்தில் கை, பின்னால் புத்தக அலமாரி. "சரித்திரப் பேராசிரியருடன் ஒரு மாலை" என்று தலைப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரேம் பார்க்க வந்த அம்மாள், லென்ஸ் தேய்க்கிறவர், முதலாளி, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் "இவன் என் தம்பி" என்று காட்டினேன். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

"எனக்குப் பத்து வயதிருக்கும்போது பள்ளியில் சரித்திரத்துக்கு முதல் பரிசாக ஒரு படப் புத்தகம் கிடைத்தது. பழுப்புத்தாள் அட்டை போட்ட பெரிய புத்தகம். அதில் வரும் அரசர்களோடுதான் வளர்ந்தேன். என் வாழ்க்கையைத் தீர்மானித்தது அந்தப் பரிசுதான்."

யாருக்குடா பரிசு கிடைத்தது?

மூக்கு ராஜா புத்தகம் என்னுடையது. எட்டாம் வகுப்பில் நான் சரித்திரத்தில் முதலாவதாக வந்ததற்கு, மேடையில் கூப்பிட்டு என் கையில் கொடுத்தது. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம் உனக்குக் கிடைத்தது தட்டம்மை மட்டும்தான்.

எதற்காக அப்படிச் சொன்னாய்? புத்தகம் எங்கே? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்றும் எழுது.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும் அத்தான் நலமும் அறிய அவா. தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருத்தரங்கு ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் குறிப்பிட்ட பேட்டியை எடுத்தவர் மிகவும் இளைஞர். நான் நெடுநேரம் பேசியதைச் சுருக்கும்போது சில நுணுக்கங்கள் விடுபட்டிருக்கலாம். நம் வீட்டில் அப்படியொரு புத்தகம் இருந்தது, அது என்னைக் கவர்ந்தது என்ற பொருளில்தான் சொன்னதாக நினைவு. நினைவு என்பதே ஒரு விசித்திரமான ஆவணக் காப்பகம், அக்கா. எதை யார் எந்த அடுக்கில் வைத்தார்கள் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

புத்தகம், நம் சிறுவயதிலேயே வீட்டில் காணாமல் போயிற்று என்பதே நீங்களும் அறிந்தது. அதற்குமேல் எனக்கும் தெரியாது. நீங்கள் கோபப்படக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு அது நல்லதல்ல. முதுகுவலி பரவாயில்லை.

என்றும் அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

"அன்புள்ள" என்று தொடங்குவது கைப்பழக்கம். அதனால் எழுதியிருக்கிறேன். எல்லோரும் சுகம்.

அதென்ன புதிதாக "நீங்கள்"? பிறந்ததிலிருந்து "நீ, வா, போ" என்றுதானே என்னைக் கூப்பிட்டாய். ஒரேயொரு சமயத்தில் மட்டும் உனக்கு மரியாதை பொத்துக்கொண்டு வரும். என் பேனா நிப்பை உடைத்துவிட்டு, "அக்கா, நீங்க வச்ச இடத்துலயே இருக்கும், பாருங்க" என்று சொன்னவன்தானே நீ! பொய் சொல்லும்போது உனக்கு "ங்க" வரும். எனக்குத் தெரியாதா உன்னை? நினைவாம், ஆவணக் காப்பகமாம். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

உன் நினைவில் விட்டுப் போன நுணுக்கத்தை நான் சொல்கிறேன். பரிசு வாங்கின அடுத்த மாதம் அப்பா சொன்னார்: "எட்டு வரைக்கும் போதும். கையெழுத்துப் போடத் தெரியுதில்ல?" அவ்வளவுதான், என் படிப்பு முடிந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைச் சொல்லி என்ன? இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பையைப் பிடுங்கினார்கள், சீருடையைத் தரை துடைக்கப் போட்டார்கள். மிச்சமிருந்தது மூக்கு ராஜா மட்டும். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அத்தியாயம்தான் படிப்பேன். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் காட்டினது நான். பெரிய மூக்கோடு இருந்த அந்த ராஜாவுக்கு மூக்கு ராஜா என்று பெயர் வைத்தது நான். கப்பல்கள் புறப்படுகிற அத்தியாயம் வரைக்கும் வந்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால் புத்தகத்தைக் காணோம். கப்பல்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். பாவம் அம்மா, என்னோடு குனிந்து கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினாள். தலையணை உறையைக்கூடக் கழற்றி உதறினாள்.

இப்போது எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். நான் ஒரு வகுப்பில் படித்தேன் என்பதற்கு, என் பெயரையும் வகுப்பையும் சேர்த்து எழுதினது உலகத்தில் அது ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் அதே புத்தகத்தில் வேறு பிரதியாவது வேண்டும். விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும்.

தேடலாம் என்றால் அதன் பெயர் தெரியாது! பரிசுச் சீட்டைப் பள்ளிக்கூடத்தில் முதல் பக்கத்தில் தலைப்பின்மேலேயே ஒட்டித் தொலைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே அப்பா பழுப்புத்தாள் அட்டை போட்டுவிட்டார். நமக்கு அது என்றைக்கும் மூக்கு ராஜா புத்தகம்தான். நீதான் பேராசிரியர் ஆயிற்றே, உன் பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்து எழுது. நானும் ஒரு பழைய புத்தகக் கடைக்கு எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா ("அவர்கள்" வேண்டாம்)


மார்ச் 6

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பழைய புத்தகக் கடையிலிருந்து எழுதுகிறேன். தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன். தூசியால் எனக்கு எப்போதும் இருக்கும் இருமலைத் தவிர இங்கும் நலமே.

"மூக்கு ராஜா புத்தகம்" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நாற்பது வருட வியாபாரத்தில் இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. மூக்கு, காது, தொண்டை நோய்கள் பற்றிய நல்ல மருத்துவ நூல் ஒன்று இருக்கிறது, படங்களுடன். "ராஜா வீட்டு நாய்க்குட்டி" என்று குழந்தைகளுக்கான புத்தகமும் இருக்கிறது. கடைசி நான்கு பக்கம் இல்லை. ஆனால் நாய்க்குட்டி கிடைத்துவிடுகிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் தேட வசதியாக இருக்கும். தாங்கள் எழுதியிருப்பது ஒரு மூக்கு மட்டுமே. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இவண்,
கடைக்காரர்


மார்ச் 30

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பதில் எழுதுகிற வேலைகூட இல்லையே.

கடைக்காரர் மூக்கு டாக்டர் புத்தகம் அனுப்பட்டுமா என்கிறார். உன் அத்தான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் முழுக்க அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். உலகத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு தலைப்புத்தானே கேட்டேன்? உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? முடியும், முடியாது என்று ஒரு வரி எழுத உன் கைக்கு என்ன வந்தது?

அக்கா


மே 4

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? மாமா எப்படி இருக்கிறார், இன்னும் யார் வண்டியில் ஏறினாலும் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வருகிறாரா? நாங்கள் மூவரும் நலம். அப்பாவுக்கு மட்டும் கொஞ்ச நாளாகச் சரியான தூக்கமில்லை. கேட்டால் முதுகுவலி என்கிறார்.

உங்களுக்கு அப்பா எழுதியிருப்பார், இருந்தாலும் சந்தோஷத்தில் நானும் எழுதுகிறேன். புத்தகம் கிடைத்துவிட்டது அத்தை! அப்பா சின்ன வயதில் தங்கிப் படித்தாரே அந்த விடுதிப் பள்ளி, அங்கேயேதான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. அங்குள்ள நூலகர் பேட்டியைப் படித்துவிட்டு பழைய பெட்டிகளைக் கிளறிக் கண்டுபிடித்திருக்கிறார். பிப்ரவரியிலேயே அப்பாவுக்குத் தகவல் வந்துவிட்டதாம். எங்களுக்கே போன வாரம்தான் சொன்னார். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் "எங்கள் பேராசிரியரை உருவாக்கிய புத்தகம்" என்று எழுதிய அட்டை. ஜூலை பதினைந்தாம் தேதி பள்ளி விழாவில் அப்பா அதை முறைப்படி திறந்துவைக்கப் போகிறார்.

அந்தப் புத்தகத்தில் நீங்கள்தான் அப்பாவுக்குப் படம் காட்டுவீர்கள் என்று அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். நீங்களும் விழாவுக்கு வர வேண்டும் அத்தை. அப்பா சந்தோஷப்படுவார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மே 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பிப்ரவரியிலேயே தெரியும் உனக்கு. நான் இங்கே மூக்கு டாக்டரிடம் மாட்டிக்கொண்டு முழித்தபோது, புத்தகம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண் கள்ளங்கபடமில்லாமல் எழுதியிராவிட்டால் நீ வாயைத் திறந்திருக்க மாட்டாய். அவளைத் திட்டாதே. உனக்குப் பிறந்தது எப்படி இவ்வளவு நல்லதாக வந்தது என்றுதான் தெரியவில்லை.

போன சனிக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அத்தானோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நூலகத்து வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் புத்தகம், முதல் பக்கம் விரித்து. பழுப்பு அட்டையில் அப்பா மடித்த மடிப்புக்கூட அப்படியே இருந்தது. கையை வைத்தேன்.

"அம்மா, கண்ணாடியைத் தொடாதீங்க. எங்க பழைய மாணவர், பேராசிரியர், அவரோட புத்தகம் இது" என்று நூலகர் ஓடி வந்தார்.

"நான் அவனோட அக்கா."

"அடடே! அப்படிங்களா! உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!"

பெருமை! வயிறெரிந்துகொண்டு நின்றேன். என் கைப்பையில் கடை லென்ஸ் ஒன்று எப்போதும் கிடக்கும். எடுத்துக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். தலைப்பின்மேல் ஒட்டின அதே சீட்டு. "செல்வி" என்று இருந்ததில் "வி"யின் கொக்கியை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறது. அது "வ" ஆகிவிட்டது. பக்கத்தில் வேறு மையில் ஒரு "ன்". செல்வன்! என் பெயர் இருந்த இடத்தில் தாள் தேய்ந்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கிறது, அதன்மேல் உன் பெயர். கீழே "எட்டாம் வகுப்பு" என்று இருப்பதைத் தொடவேயில்லை. பத்து வயதில் எட்டாம் வகுப்புப் படித்த மேதாவி இந்த உலகத்திலேயே நீ ஒருவன்தான். இத்தனை வருஷத்தில் ஒரு வாத்தியார், ஒரு நூலகர், ஒருத்தர் கண்ணுக்கும் அது படவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்துக்கே கண் பரிசோதனை செய்ய வேண்டும்.

அந்த "ன்" தலையில் புள்ளி இல்லை. குட்டியாக ஒரு வட்டம். அதையும் பார்த்தேன்.

ஏன், எப்படி என்றெல்லாம் நான் கேட்கவில்லை. நீயே சொல். ஜூலை பதினைந்தாம் தேதி அந்த மேடையில், மைக்கில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி "இது என் அக்காவின் புத்தகம்" என்று சொல். சொல்லிவிட்டு என்னிடம் கொடு. வேறெதுவும் வேண்டாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தான் டிரைவருக்கு வழி சொல்லவில்லை.

அக்கா


ஜூன் 8

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் உடல்நலமும் மனநலமும் அமைதி பெற வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. பல நாள் யோசித்து, பள்ளி நிர்வாகத்தாரிடமும் பேசி, தங்கள் மனம் குளிரும்படி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்த பழைய அட்டையை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். புதிய வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன்:

"தம்பியின் உயர்வுக்காக ஓர் அக்கா விட்டுக்கொடுத்த புத்தகம்."

இதைப் படித்து நூலகர் கண் கலங்கினார். தலைமையாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போய், விழாவில் தங்களை மேடைக்கு அழைத்துக் கௌரவிக்க வேண்டும் என்கிறார். தங்கள் தியாகம் இளைய தலைமுறைக்கு ஒரு பாடமாக அமையும் என்பது அனைவரின் கருத்து. முதல் வரிசையில் தங்களுக்கும் அத்தானுக்கும் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

புத்தகம் பள்ளியிலேயே இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். பலரும் பார்ப்பார்கள் அல்லவா?

அன்புடன்,
தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

எனக்கு உடம்பும் நன்றாக இருக்கிறது, மனசும் நன்றாக இருக்கிறது. கோபம் இரண்டையும்விட நன்றாக இருக்கிறது.

விட்டுக்கொடுத்தேனா? எப்போதடா விட்டுக்கொடுத்தேன்?

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுக்கலாம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் விட்டுக்கொடுக்கலாம், நானும் உன் அத்தானும் மாறி மாறிக் கொடுத்திருக்கிறோம். தெரிந்து, மனசோடு, "சரி, நீ வச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். எனக்குத் தெரியாமல் எடுத்து, என் பெயரைச் சுரண்டி, உன் பெயரை எழுதி, அதை இன்னொருத்தரிடம் நீட்டி விடுதிப் பள்ளியில் இடம் வாங்கினதற்குப் பெயர் திருட்டு. நான்கே எழுத்து. அட்டையில் இடமும் மிச்சமாகும்.

இதே பொழைப்பாகப் போய்விட்டது. ஒரு பெண்ணிடமிருந்து பையைப் பிடுங்கு, புத்தகத்தைப் பிடுங்கு, பள்ளிக்கூடத்தைப் பிடுங்கு. பிடுங்கி முடித்ததும் அவள் தலையில் "தியாகம்" என்று ஒரு கிரீடத்தை வை. அவளும் சிரித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார வேண்டும், இளைய தலைமுறை அவளைப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டும். எந்தப் பாடம்? கேட்காமல் எடுக்கலாம், அப்புறம் அழகாக எழுதி மாட்டிவிடலாம் என்கிற பாடமா? உனக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவள் அந்த அட்டையைப் படிக்கப் போகிறாள், அதையாவது யோசித்தாயா?

நூலகர் கண் கலங்கினாராம். கண்ணில் கோளாறு இருந்தால் எங்கள் கடைக்கு வரச் சொல்.

பூசி மெழுகாதே. என் புத்தகம் எனக்கு வேண்டும். அது என்னுடையது என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இதற்கு மேல் ஒரு "தங்கள்" எழுதினாய் என்றால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

நீ சுகமா என்று கேட்க எனக்கு இப்போது மனசில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் கோபம்தான். நீ மட்டும்தான் கோபப்பட வேண்டும் என்று எழுதியா வைத்திருக்கிறது?

திருட்டு என்கிறாய். யார் திருடினது? நானா? அப்பாவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவர் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார், அதற்கு அவரைத் திட்டிக்கொள். புத்தகத்தை எடுத்தது அம்மா.

அந்த விடுதிப் பள்ளியில் பரிசு வாங்கின பையன்களுக்கு மட்டும்தான் இலவச இடம். நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். அம்மா கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் சவர பிளேடை எடுத்துச் சுரண்டினாள். அவளேதான் எழுதினாள். "கேட்டா ஆமான்னு தலையாட்டு. அக்காகிட்ட வாயைத் தொறந்தே, உன்னை என் பிள்ளைன்னே சொல்லமாட்டேன்" என்றாள். தலைமையாசிரியர் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார், ஆட்டினேன். எனக்குப் பத்து வயசு, அக்கா. வேறு என்ன செய்திருக்க வேண்டும், சொல்லு.

அப்புறம் பெரியவன் ஆனேனே, அப்போது சொல்லியிருக்கலாமே என்பாய். எப்போது சொல்வது? கடைசி இரண்டு வருஷம் அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது நீ. குளிப்பாட்டினது, ஊட்டினது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் நீ. நான் மாதம் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனேன். அவள் கால்மாட்டில் நின்றுகொண்டு உன்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா? அவள் போன பிறகு, அவள் படத்தைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாயே, அப்போது சொல்லியிருக்க வேண்டுமா? அப்பா ஒருத்தரைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும், அம்மாவாவது இவளுக்கு மிஞ்சட்டும் என்று விட்டேன்.

இப்போது நீயே சொல். அந்த மேடையில், அந்த மைக்கில், நான் எதைச் சொல்ல வேண்டும்? எங்கள் அம்மா திருடினாள் என்றா?

தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் சுகம். புத்தகம் சுகம். நான் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. உன் தூக்கம் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத எதுவுமில்லை. அம்மாதான் என்று எனக்கு மே மாதமே தெரியும். லென்ஸை வைத்த உடனே தெரியும். புள்ளி வைக்கச் சொன்னால் குட்டி வட்டம் போடுகிறவள் நம் வீட்டில் ஒருத்திதான். அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உனக்கு அது தெரியாது, நீ ரொம்பச் சின்னவன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அன்றன்றைக்குப் படித்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். "புள்ளியைச் சின்னதா வைம்மா, பூஜ்யம் மாதிரி இருக்கு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் சொல்லிக்கொடுத்த எழுத்தை வைத்து என் பெயரை எடுத்திருக்கிறாள். எடுத்ததுகூட இருக்கட்டும். என்னோடு குனிந்து கட்டிலுக்கடியில் தேடினாளே, தலையணை உறையை உதறினாளே, அதை என்னால் பொறுக்க முடியவில்லையடா. அவள் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அப்புறம் நேராக வைத்தேன். மறுபடி திருப்பினேன். அத்தான் பார்த்துவிட்டு, "அவங்களுக்குத் தலை சுத்தப்போகுது" என்கிறார்.

உன் வாயால் அதைச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் காத்திருந்தேன். சொன்னாய். கோபத்தில் சொன்னாலும் "நீ" போட்டுச் சொன்னாய்.

விழாவன்று நடந்ததை நீ மேடையிலிருந்து பார்த்தாய். நான் கீழேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று திட்டமெல்லாம் போட்டு வரவில்லை. அத்தான்தான், "எதுக்கும் வண்டியைத் திருப்பியே நிறுத்துறேன்" என்று வாசலுக்கு நேராக நிறுத்தினார். பஸ் ஓட்டினவர் புத்தி. முதல் வரிசையில் உட்கார்ந்து, மேடைக்குக் கொண்டுவந்திருந்த பெட்டியில் அந்த அட்டையைப் பார்த்தேன். இன்னும் "விட்டுக்கொடுத்த" என்றுதான் இருந்தது. நீ சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்தாய், எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்தேன், படியேறினேன், எடுத்தேன், நடந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

"அம்மா! அம்மா! அது பள்ளிக்கூடச் சொத்து!" என்று நூலகர் பின்னால் ஓடி வந்து என் முந்தானையைப் பிடிக்காத குறை. மைக்கில் உன் குரல் கேட்டது. என்ன பேசப் போகிறாயோ, தியாகம் என்று தொடங்குவாயோ என்று எனக்குக் கால் நின்றுவிட்டது.

"விடுங்க சார். அது அவங்களோடது. நாங்க அவங்களைக் கேக்காம எடுத்தது."

நான் திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறிவிட்டேன். அழுகிற முகத்தை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

"நாங்க" என்றாயே, அது போதும். யார் யார் என்று நீ சொல்லவில்லை, நல்லதாகப் போயிற்று. வீட்டுக்குள் அவளை நான் திட்டுவேன், தினமும் திட்டுகிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் அம்மாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. விட்டுக்கொடுக்கிறதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். கேட்டால்தானே!

புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை, கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் படித்தேன். உனக்கு ஒன்று சொல்லட்டுமா? சுமாரான புத்தகம்தான். பாதிக்கு மேல் ஒரே தேதியும் போருமாகப் போகிறது. படம் வரைந்தவருக்கு ஒரு மூக்குத்தான் வரையத் தெரியும் போலிருக்கிறது, பின்னால் வருகிற ராணி, தளபதி, மாலுமி எல்லோருக்கும் அதையே வைத்திருக்கிறார். மூடி வைத்துவிட்டு, "சே, இவ்வளவுதானா" என்றேன்.

அப்போதுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிற்று, தம்பி. இந்த "சே, இவ்வளவுதானா"வை நான் பதிமூன்று வயதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு இதை ஒரு மூலையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருக்க வேண்டும். அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று போயிருக்க வேண்டும். ஒரு சுமாரான புத்தகத்தை இத்தனை வருஷம் அதிசயம் என்று நினைத்துக்கொண்டு இருக்கவைத்துவிட்டீர்களே.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அப்படியேதான் இருக்கிறது. அடுத்ததாக நான் எதைப் படிக்க வேண்டும் என்று எழுது. இதைவிட நல்லதாகப் பார்த்து எழுது.

இப்படிக்கு,
அக்கா